லாரி போய்விட்டது, ஆப்ஜெக்ட் போகவில்லை

காங்கேயம் பக்கம் ஓர் அரிசி மில்லின் எடைமேடைக்கு நான் எழுதிக் கொடுத்த பைத்தான் நிரல் ஒரு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் தினம் ஒரு முறை செத்து விழ ஆரம்பித்தது. அதைச் சரிசெய்த கதை இது. பாதி நேரம் பிழையைத் தேடப் போயிற்று. மீதிப் பாதி, தேடுவதற்காக நான் எழுதிய கருவியில் இருந்த பிழைகளைத் தேடப் போயிற்று. இரண்டாவது பாதியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 60 டன் மேடை. லாரி ஏறி நின்றதும் இண்டிகேட்டர் பெட்டி விநாடிக்குப் பத்து முறை எடையை சீரியல் கேபிள் வழியாக அனுப்பும். மறுமுனையில் 1 ஜிபி மெமரி உள்ள ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினி. எடை ஆடாமல் நின்றதும் கேமரா ஒரு படம் எடுக்கும், ரசீது அச்சாகும். லோடோடு ஒரு முறை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு முறை என்று ஒரு லாரிக்கு இரண்டு எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நெல்லின் எடை. நிரலில் ஒவ்வொரு எடைக்கும் 'எடைப்பதிவு' என்ற கிளாஸில் ஓர் ஆப்ஜெக்ட் உருவாகும். கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் அதில் வார்த்த பொருள். (ஆமாம், கிளாஸின் பெயரே தமிழில்தான். பைத்தான் 3 இதை அனுமதிக்கிறது. நிரலைப் பார்க்கிற நண்பர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது எனக்கு இதுதான் சட்டென்று புரிகிறது.)

மேடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, திரை அப்படியே நின்னு போச்சுங்க. பிடுங்கி மாட்டுனா ஓடுது. நேத்தும் இப்படித்தானுங்க." பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: "சாயங்காலம் ஆச்சுன்னா எடை மெல்லத்தான் வருதுங்க." மேடைக்கு அடியில் சேறு சேர்ந்திருக்கும், கேபிளை எலி கடித்திருக்கும் என்று நினைத்து அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முழு விடையும் அந்த ஒரு வரியில் இருந்தது என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கெர்னல் பதிவைப் பார்த்தேன். மெமரி தீர்ந்துபோய், லினக்ஸ் என் பைத்தான் புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருந்த நிரலை, கொன்றிருந்தது. சரி, மெமரி எங்கேயோ ஒழுகுகிறது: வேலை முடிந்தும் திரும்பி வராமல் தங்கிவிடுகிறது. ஆனால் ஒரு வருடமாக ஏன் ஒழுகவில்லை?

ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மற்ற மாதங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மில்லைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். காலையில் போட்டால் மெமரி புதிதாகத் தொடங்கும். அறுவடைக் காலத்தில் டெல்டாவிலிருந்து நெல் லோடு ராத்திரி பகலாக வரும், அணைக்க நேரமே இருக்காது. ஆக, ஒரு வருடமாக என் நிரலைக் காப்பாற்றி வந்தது அந்த மெயின் சுவிட்ச்.

நிமிடத்துக்கு ஒரு முறை புராசஸின் மெமரி அளவை ஒரு கோப்பில் எழுத வைத்தேன். மறுநாள் அதை வரைபடமாகப் போட்டால் அசல் படிக்கட்டு. ஒவ்வொரு எடைக்கும் ஒரு படி, எல்லாப் படியும் ஒரே உயரம். கேமரா படம் 1280க்கு 720, புள்ளிக்கு 3 பைட். பெருக்கினால் 27,64,800 பைட். படியின் உயரம் கிட்டத்தட்ட அதேதான். சீசனில் ஒரு நாளுக்கு 240 எடை என்றால் 66 கோடி பைட்டுக்கு மேல். இயங்குதளமும் திரையும் எடுத்துக்கொண்டது போக 1 ஜிபியில் மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். தினம் ஒரு முறை சாவதற்குக் கணக்கு சரியாக வந்தது.

படம் போகவில்லை என்றால், படத்தை வைத்திருக்கும் எடைப்பதிவு ஆப்ஜெக்ட் போகவில்லை என்று அர்த்தம். நாம் எல்லோரும் பைத்தான் என்று சொல்லி ஓட்டுவது பெரும்பாலும் சிபைத்தானைத்தான். அதில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டோடும் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்: தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் கவுண்ட். ஒரு மாறியில் போட்டால் ஒன்று கூடும், ஒரு லிஸ்டில் சேர்த்தால் இன்னொன்று கூடும், விட்டால் குறையும். பூஜ்யம் ஆன அந்த நொடியே ஆப்ஜெக்ட் காலி. 'டெல்' என்ற கட்டளையை எழுதினால் ஆப்ஜெக்ட் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பெயரை மட்டும்தான் அவிழ்க்கும். வேறு யாராவது பிடித்திருந்தால் ஆப்ஜெக்ட் அப்படியே இருக்கும்.

எத்தனை எடைப்பதிவுகள் உயிரோடு இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பாடப்புத்தகத்தில் வருவதுபோல, கிளாஸ் அளவில் ஒரு கவுண்டர். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் 'இனிட்' மெத்தடில் ஒன்று கூட்டு, அழியும்போது ஓடும் 'டெல்' மெத்தடில் ஒன்று கழி. (மெத்தட் என்றால் கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன். இந்த 'டெல்' வேறு, மேலே சொன்ன கட்டளை வேறு.) பத்து நிமிட வேலை. மில்லில் பதிவு செய்து வைத்திருந்த சீரியல் தரவை வீட்டு லேப்டாப்பில் ஓட்டி, நிரல் முடிந்து எல்லாம் அழிந்த பிறகு எண்ணைப் பார்த்தேன்.

கவுண்டர் மைனஸ் 2 என்றது.

இல்லாத ஆப்ஜெக்ட்டுக்கும் கீழே இரண்டு எப்படி இருக்க முடியும்? அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காரணங்கள், இரண்டும் தனித்தனி.

சீரியல் கேபிளில் முதலில் வரும் வரி பெரும்பாலும் பாதியில் இருந்து தொடங்கும். '18450' என்பதற்குப் பதில் '50' என்றோ வெறும் குப்பையோ வரும். குப்பை வந்தபோது அதை எண்ணாக மாற்ற முடியாமல் என் 'இனிட்' பிழை எழுப்பி வெளியேறியது, கவுண்டரைக் கூட்டும் வரிக்கு முன்பாகவே. ஆனால் 'இனிட்' தொடங்கும்போதே ஆப்ஜெக்ட் உருவாகிவிட்டது. அதை உருவாக்குவது 'நியூ', 'இனிட்' அதற்குள் சாமான் அடுக்குவது மட்டும்தான். அரைகுறையாகப் பிறந்த ஆப்ஜெக்ட் அழியும்போது 'டெல்' ஒழுங்காக ஓடி ஒன்றைக் கழித்துவிட்டது. கூட்டாமல் கழித்தால் மைனஸ்.

இரண்டாவது, ரசீதில் லாரி நம்பர் தப்பாக இருந்தால் திருத்தி மறுபடி அச்சடிக்க ஒரு வசதி வைத்திருந்தேன். அது பழைய பதிவை 'காப்பி' மாட்யூலால் நகலெடுத்து, நம்பரை மாற்றி, அச்சடித்துவிட்டு விட்டுவிடும். நகலெடுக்கும்போது 'இனிட்' ஓடுவதே இல்லை. 'நியூ' வழியாக ஒரு வெற்று ஆப்ஜெக்ட் பிறந்து, பழையதன் உள்ளடக்கம் அப்படியே அதில் ஏறும். ஆப்ஜெக்ட்டைக் கோப்பில் சேமிக்க உதவும் பிக்கிளிலிருந்து மீட்டெடுக்கும்போதும் இதே கதைதான். அழியும்போது 'டெல்' மட்டும் தவறாமல் ஓடும்.

மில்லிலேயே இந்தக் கவுண்டரை முதலில் ஓட்டியிருந்தால் மாட்டியிருப்பேன். அங்கே நிரல் முடியாமல் ஓடிக்கொண்டே ஒழுகுவதால் எண் மைனஸில் போகாது. 50 எடைக்கு 43 என்று காட்டும். ஏழு ஒழுங்காகப் போகின்றன, மீதிதான் தங்குகின்றன என்று முடிவுகட்டி, அந்த ஏழுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாரம் தேடியிருப்பேன்.

கூட்டலை 'நியூ'வுக்கு மாற்றியதும் கணக்கு நேரானது. மைனஸ் போய்விட்டது, எடைக்கு எடை எண் ஏறியது. அதோடு ஒன்று உறைத்தது: எண் சரியாக வந்தும் எனக்கு ஒரு பயனும் இல்லை. 50 பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. எந்த 50? எப்போது வந்தவர்கள்? ஆப்ஜெக்ட்டுகளே கையில் வேண்டும்.

கிளாஸுக்குள் ஒரு லிஸ்ட் வைத்து, பிறக்கிற ஒவ்வொன்றையும் அதில் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தேடினால் கிடைக்கும் விடைகளில் பாதியும் அதையே சொல்லும். ஆனால் லிஸ்டும் ஒரு பிடிதான். ஒழுகலைக் கண்டுபிடிக்க வைத்த லிஸ்டே எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொண்டு இன்னொரு ஒழுகலாகிவிடும். இதற்காகவே பைத்தான் 2.1 முதல் 'வீக்ரெஃப்' இருக்கிறது: ஆப்ஜெக்ட்டைச் சுட்டும், ஆனால் கவுண்ட்டைக் கூட்டாது. ஆப்ஜெக்ட் போனால் சுட்டல் தானாக வெறுமையாகும்.

'வீக்செட்' என்று ஒரு செட் தயாராகவே கிடைக்கிறது. 'நியூ'வில் அதில் சேர்த்தேன். உடனே பிழை: லாரி நம்பர் என்ற ஆட்ரிபியூட் இல்லையாம். செட்டில் சேர ஹேஷ் வேண்டும், அதாவது ஆப்ஜெக்ட்டை அடையாளம் காட்டக் கணக்கிடும் ஓர் எண். காலி லாரி திரும்பி வரும்போது அதன் லோடு பதிவைத் தேட வசதியாக, லாரி நம்பரை வைத்து ஒப்பிடும்படியும் ஹேஷ் எடுக்கும்படியும் போன வருடம் நான்தான் எழுதி வைத்திருந்தேன். 'நியூ' ஓடும் நேரத்தில் லாரி நம்பர் இன்னும் உள்ளே வரவில்லை. சரி, இதை மட்டும் 'இனிட்'டின் கடைசி வரிக்குக் கொண்டுபோவோம் என்று மாற்றினேன். இப்போது பிழை இல்லை, ஆனால் 60 எடைக்கு எண்ணிக்கை 22. ஒரே லாரி மூன்று நடை அடித்தால் அந்தப் பதிவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம் என்று என் ஒப்பீடும் ஹேஷும் சொல்கின்றன. செட்டில் சமமானவை ஒரு முறைதான் இருக்க முடியும். மறுபடியும் நம்பத்தகுந்த தோற்றத்தில் ஒரு பொய் எண்.

கடைசியில் நிலைத்தது இதுதான்: ஓடிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணைச் சாவியாகவும் ஆப்ஜெக்ட்டை மதிப்பாகவும் வைக்கும் 'வீக்வேல்யூ டிக்‌ஷனரி'. சாவி வெறும் எண் என்பதால் ஹேஷ் தகராறு இல்லை. சேர்க்கும் வரியும் 'நியூ'வுக்கே திரும்பிப் போனது. ஆப்ஜெக்ட் இறந்தால் அதன் வரி தானாக உதிர்ந்துவிடும், 'டெல்' மெத்தடே தேவையில்லை. கிளாஸில் 'ஸ்லாட்ஸ்' (என்னென்ன ஆட்ரிபியூட் இருக்கலாம் என்ற பட்டியல்) பயன்படுத்துபவர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் வீக்ரெஃபுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீக் சுட்டல் உருவாகாது.

இதோடு ஒரு சிக்னலையும் கட்டினேன். ஓடுகிற புராசஸுக்கு வெளியிலிருந்து யூசர்-1 சிக்னல் அனுப்பினால், உயிரோடு இருக்கும் எடைப்பதிவுகளின் வரிசை எண், பிறந்த நேரம், லாரி நம்பர் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதும். எடையை நிறுத்தாமல், வரிசையில் நிற்கும் டிரைவர்களிடம் திட்டு வாங்காமல் பார்க்கலாம். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மில்லில் போட்டு மாலையில் சிக்னல் அனுப்பினேன். காலை ஆறு மணி முதல் வந்த அத்தனை பதிவும் வரிசை எண் விடாமல் இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

இடையில் 'டிரேஸ்மேலாக்' ஒரு முறை ஓட்டினேன். 2014இல் பைத்தான் 3.4ஓடு வந்த கருவி, நல்ல கருவிதான். மெமரி எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்று காட்டும். கேமரா படம் எடுக்கும் வரியைக் காட்டியது. அது எனக்குத் தெரிந்ததுதான். பிறந்த ஊரைச் சொன்னதே தவிர, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

யார் வீட்டில் என்று கேட்க 'ஜிசி' மாட்யூலில் 'கெட் ரெஃபரர்ஸ்' இருக்கிறது. ஓர் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் அதைப் பிடித்திருப்பவர்களின் பட்டியல் வரும். காலை 6.40க்கு வந்த ஒரு லாரியின் பதிவைக் கொடுத்தேன். முதலில் வந்த இரண்டும் நானே: விசாரிக்கும் நிரலின் மாறிகள் இருக்கும் டிக்‌ஷனரி ஒன்று, விசாரிக்க நான் உருவாக்கிய தற்காலிக லிஸ்ட் ஒன்று. இது தெரியாவிட்டால் நம் நிழலை நாமே திருடன் என்று துரத்திக்கொண்டிருப்போம். மூன்றாவதாக அந்தப் பதிவின் ரசீது ஆப்ஜெக்ட்டின் டிக்‌ஷனரி. அது பதிவுக்கே சொந்தமானது என்று அன்று கடந்துவிட்டேன். நான்காவது ஒரு மெத்தட் ஆப்ஜெக்ட்: 'எடை_வந்தது'. அதைப் பிடித்திருப்பது யார் என்று கேட்டால் ஒரு லிஸ்ட். லிஸ்டைப் பிடித்திருப்பது ஒரு டிக்‌ஷனரி. டிக்‌ஷனரிக்குச் சொந்தக்காரர் 'தராசு' ஆப்ஜெக்ட். அது நிரல் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒன்றே ஒன்று.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு எடைப்பதிவும் பிறந்ததும் தராசிடம் போய், 'புது எடை வந்தால் என் இந்த மெத்தடைக் கூப்பிடு' என்று பெயர் கொடுக்கும். தொடர்ந்து ஐந்து முறை ஒரே எடை வந்தால் நின்றுவிட்டது என்று முடிவுசெய்து படம் எடுக்கச் சொல்லும். பெயரை நீக்கும் வரியை நான் எழுதவே இல்லை. மெத்தடைக் கொடுத்தால் மெத்தட் மட்டும் போவதில்லை. அது எந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தடோ அந்த ஆப்ஜெக்ட்டையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறது, அதன் 27 லட்சம் பைட் படத்தோடு.

அண்ணன் சொன்ன சாயங்கால மந்தத்துக்கும் இதுதான் காரணம். 'எடை_வந்தது' செய்யும் முதல் வேலை திரையில் எடையை எழுதுவது. காலையில் ஒரே ஒரு பதிவு எழுதும். மாலையில் நூறு பதிவுகள், விநாடிக்குப் பத்து முறை, ஒரே எண்ணை ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே எண் என்பதால் கண்ணுக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. கிளம்பித் திருவாரூர் போய்ச் சேர்ந்திருக்கும் லாரிகளும் இங்கே எடை எழுதிக்கொண்டிருந்தன.

திருத்தம் ஒரு வரி என்று நினைத்தேன். புத்திசாலித்தனமாகச் செய்யலாம் என்று முதலில் மெத்தடுக்கே வீக்ரெஃப் போட்டேன். திரையில் எடையே வரவில்லை. 'பதிவு.எடை_வந்தது' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பைத்தான் ஒரு புதிய மெத்தட் ஆப்ஜெக்ட்டை உருவாக்கித் தருகிறது. அதை வேறு யாரும் பிடிக்காததால் அடுத்த வரிக்குள் செத்துவிடும், வீக் சுட்டல் வெறுமையாகிவிடும். இதற்கென்றே 'வீக்மெத்தட்' என்று ஒன்று 3.4 முதல் இருக்கிறது. அதைப் போட்டதும் எடை வந்தது, ஆனால் சில லாரிகளுக்குப் படம் எடுக்கும் முன்பே பதிவு காணாமல் போனது. யோசித்தால் நியாயம்தான். எடை நிற்கும்வரை அந்தப் பதிவைப் பிடித்திருந்த ஒரே கை தராசின் லிஸ்ட்தான். அதையும் தளர்த்திவிட்டால் எது தாங்கும்?

ஆகவே பழைய, நேரான வழி. எடை நின்றதும் தராசிடம் போய்ப் பெயரை நீக்கு. வலுவான பிடியே இருக்கட்டும், வேலை முடிந்ததும் விடட்டும். அதிலும் ஒரு குழி இருந்தது. தராசு லிஸ்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் நடுவிலேயே ஒருவர் தன் பெயரை நீக்கினால் பின்னால் நிற்பவர்கள் ஓரிடம் முன்னால் நகர்வார்கள், சுற்று அடுத்தவரைத் தாண்டிப் போய்விடும். லிஸ்டின் நகல் ஒன்றின் மேல் சுற்றை ஓட்டினால் சரி.

இரவு ஓட்டிவிட்டுக் காலையில் வரைபடத்தைப் பார்த்தேன். படிக்கட்டு இல்லை. ஆனால் தட்டையாகவும் இல்லை, ரம்பப் பல்! உயிருள்ள பதிவுகள் 5, 9, 20, 38 என்று ஏறி, திடீரென்று 3க்கு விழுகின்றன. மறுபடி ஏறுகின்றன.

கடந்துவிட்டேன் என்று சொன்னேனே, அந்த ரசீதின் டிக்‌ஷனரி. பதிவு தன் ரசீதைப் பிடித்திருக்கிறது, ரசீது தன் பதிவைப் பிடித்திருக்கிறது. வெளியே எல்லோரும் விட்டுவிட்டாலும் இருவரின் கவுண்ட்டும் ஒன்றுக்குக் கீழே இறங்காது. ரெஃபரன்ஸ் கவுண்ட் முறையை ஜார்ஜ் காலின்ஸ் 1960இல் முன்வைத்தார். சுற்றாகப் பிடித்துக்கொண்டால் அது தோற்கும் என்று 1963லேயே சுட்டிக்காட்டப்பட்டுவிட்டது. அறுபது வருடம் கழித்து ஓர் எடைமேடையில் நான் அதையே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட சுற்றுகளைத் தேடி அழிக்கத்தான் 2000இல் வந்த பைத்தான் 2.0 முதல் தனியாக ஒரு கார்பேஜ் கலெக்டர் (அதன் சுருக்கம்தான் 'ஜிசி') இருக்கிறது. உறுதிசெய்ய ஒவ்வொரு எடைக்குப் பின்னும் 'ஜிசி.கலெக்ட்' கூப்பிட்டுப் பார்த்தேன். பல் மறைந்தது.

அப்படியானால் கலெக்டர் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? கலெக்டர் ஆப்ஜெக்ட்டுகளை வயதுப்படி மூன்று தலைமுறைகளாகப் பிரித்துவைக்கும். அந்த ராஸ்பெரி பையில் ஓடும் பைத்தான் 3.9இல், உருவான ஆப்ஜெக்ட்டுகள் அழிந்தவற்றைவிட 700 அதிகமானால் இளம் தலைமுறையில் ஒரு தேடல். அப்படிப் பத்துத் தேடலுக்கு மேல் போனால் நடுத் தலைமுறைக்கு ஒன்று, அதுவும் பத்தைத் தாண்டினால்தான் முதிய தலைமுறைக்கு. அதற்கும் மேலே, முதிய தலைமுறைக்குப் புதிதாக வந்து காத்திருப்பவை ஏற்கெனவே அங்கே இருப்பவற்றில் நாலில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. லாரி நெல்லை இறக்கிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அதன் பதிவு முதிய தலைமுறைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. முக்கியமாக, கலெக்டர் எண்ணுவது தலைகளை மட்டும்தான். ஒவ்வொரு தலையிலும் 27 லட்சம் பைட் சுமை இருப்பது அதன் கணக்கில் வராது. 38 ஆப்ஜெக்ட் என்றால் அதற்கு ஒன்றுமே இல்லை. எனக்கு அது பத்துக் கோடி பைட்.

'கலெக்ட்' வரியை அப்படியே விட்டுவைத்திருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ரசீதுக்குப் பதிவு எதற்கு என்று யோசித்தால் லாரி நம்பரும் இரண்டு எடைகளும் நேரமும் மட்டும்தான் வேண்டும். அவற்றை மட்டும் கொடுத்து, திரும்பப் பிடிக்கும் அந்த வரியை நீக்கினேன். சுற்று அறுந்தது, விட்ட நொடியே பதிவு மறைந்தது. இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். 3.4க்கு முந்தைய பைத்தானில், 'டெல்' மெத்தட் உள்ள ஆப்ஜெக்ட் சுற்றில் மாட்டினால் கலெக்டர் அதைத் தொடாமல் குப்பைப் பட்டியலில் ஒதுக்கி வைத்துவிடும். என் முதல் கவுண்டரை அந்தக் காலத்தில் எழுதியிருந்தால், எண்ணுவதற்காக வைத்த 'டெல்'லே ஒழுகலை நிரந்தரமாக்கியிருக்கும்.

இப்போது பதிவுகளின் எண்ணிக்கை ஒழுங்கு. மேடையில் நிற்பது ஒன்று, களத்தில் இறக்கிக்கொண்டிருப்பவை நாலைந்து. ஆனால் மெமரி மட்டும் இன்னும் தேவைக்கு மேல் ஏறியது. காலை முழுக்க ஏறி, சுமார் 50 எடை ஆனதும் நின்றுவிட்டது. ஏறின அளவு 14 கோடி பைட்டுக்குக் கொஞ்சம் கீழே. 50 என்ற எண்ணைப் பார்த்ததும் மணி அடித்தது. திரையின் ஓரத்தில் கடைசி 50 லாரிகளின் நம்பர் பிளேட்டை மட்டும் சின்னப் படமாக வெட்டிக் காட்டுகிறேன்.

இது ஆப்ஜெக்ட்டுகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாத ரகம். படம் இருப்பது நம்பை என்ற பைத்தான் நூலகத்தின் அரேயில், அதாவது எண்களின் அடுக்கில். நம்பை அரேயில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் அது புதிய படம் ஆகாது. பழைய படத்தின்மேல் வைத்த ஜன்னல் மட்டுமே. ஜன்னல் இருக்கும்வரை பின்னால் முழுச் சுவரும் இருக்கும். வெட்டிய துண்டின் 'பேஸ்' ஆட்ரிபியூட்டைப் பார்த்தால் முழுப் படமும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அளவு கேட்டால் 'கெட்சைஸ்ஆஃப்' நூற்றுச் சில்லறை பைட் என்று அப்பாவியாகச் சொல்லும். 'ஜிசி'யிடம் இருக்கும் எல்லா ஆப்ஜெக்ட்டையும் காட்டு என்றாலும் வராது, ஏனென்றால் நம்பை அரே அதன் கண்காணிப்பிலேயே இல்லை. வெட்டும் இடத்தில் ஒரு 'காப்பி' சேர்த்தேன். 320க்கு 120 துண்டு ஒன்றுக்கு 1,15,200 பைட், 50க்கும் சேர்த்து 57 லட்சம்தான்.

அப்புறம் ஐந்து நாள் தொடர்ந்து ஓடியது. வரைபடம் தொடங்கின இடத்துக்கு இறங்கவில்லை, கொஞ்சம் மேலே தட்டையாக நின்றது. அதற்காகக் கவலைப்படவில்லை. விடுவித்த மெமரி அனைத்தையும் உடனே இயங்குதளத்திடம் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயம் பைத்தானுக்கும் இல்லை, அதன் அடியில் இருக்கும் சி நூலகத்துக்கும் இல்லை. அடுத்த படத்துக்கு ஆகும் என்று கையில் வைத்திருக்கும். ஏறிக்கொண்டே போகாதவரை சரி.

ஒரே ஓர் உறுத்தல் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மில்லில் ஒரு லாரிகூட இல்லாத நேரத்தில் சிக்னல் அனுப்பிப் பார்த்தேன். பூஜ்யம் வரவேண்டும். 1 என்று வந்தது. பிறந்த நேரம், நான்கு நாளைக்கு முந்தைய இரவு 2.10. யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். காலி எடைக்காகக் காத்திருப்பவர்களின் டிக்‌ஷனரி. முறைப்படி இருக்கவேண்டிய இடம்தான், ஆனால் நான்கு நாளாகவா? காலி எடை போட்டும் நீக்காமல் விட்ட ஏதோ ஒரு பாதை நிரலில் இருக்கிறது என்று முடிவுசெய்து, அந்த ஃபங்ஷனை வரி வரியாக மூன்று மணி நேரம் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டு லாரி நம்பரைச் சொன்னேன்.

"அதுங்களா? லோடு இறக்குறப்பவே ஆக்ஸில் ஒடிஞ்சு போச்சுங்க தம்பி. குடோனுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில நிக்குது. சாமான் ஈரோட்டிலிருந்து வரோணும்ங்க."